திட்டிக்கொண்டே விதைக்க வேண்டிய செடி

நான்கு பருவம் பாடுபட்டு நான் எடுத்த சீரகத்தின் மொத்த எடை 38 கிராம். சமையலறைத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். ஒரு தடவை 37 காட்டியது. அந்தத் தடவை தராசு மட்டமாக உட்காரவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

செடி வளர்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்ளும்போது தக்காளிக்காரர் கூடையைக் காட்டுவார். சுரைக்காய்க்காரர் பிள்ளையைத் தூக்குவதுபோலக் காயைத் தூக்கிக் காட்டுவார். நான் ஒரு டம்ளரைக் காட்டினேன், அதிலும் பாதிக்கு மேல் காலி. "இதுக்காடா நாலு வருஷம்?" என்று அக்கா கேட்டாள். இதற்குத்தான். அந்த நாலில் ஒரு வருஷம் சீரகம் என்று நினைத்து வேறொன்றை வளர்த்தேன். இரண்டு வருஷம் சீரகத்தைக் கவனித்துக் கவனித்தே கொன்றேன். கடைசி வருஷம் கொஞ்சம் கவனிக்காமல் விட்டேன், காய்த்தது.

முதல் வருஷத்துக் கோளாறு பெயரில் இருந்தது. தமிழில் 'சீரகம்' என்று முடிகிற பெயர்கள் ஒரு கூட்டம் உண்டு. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பெருஞ்சீரகம், அதாவது சோம்பு, சீரகத்துக்கு நெருங்கிய சொந்தம். கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை, கேரட் எல்லாம் இருக்கிற ஏபியேசி குடும்பம்தான் இரண்டுக்கும். கருஞ்சீரகத்துக்கும் இதற்கும் ரத்த சம்பந்தமே கிடையாது, அது ரனன்குலேசி குடும்பம். காட்டுச்சீரகமோ சூரியகாந்தி வகையறா. நாம் விதையைப் பார்த்து, அதன் பயனைப் பார்த்துப் பெயர் வைத்தோம். தாவரவியலாளர்கள் பூவைப் பார்த்து உறவு பிரித்தார்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் சீரகத்துக்கு வைத்த பெயர் 'கூமினம் சைமினம்'. ஒரே பெயரை லத்தீனில் ஒரு தடவையும் கிரேக்கத்தில் ஒரு தடவையும் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருக்கிறது. வேறு எதனோடும் குழப்பிக்கொள்ளாதே என்று அழுத்திச் சொன்னாரோ என்னவோ. நான் குழப்பிக்கொண்டேன்.

சீரகம் என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி, சீரகம் என்று நம்பி விதைத்தேன். அருமையாக முளைத்தது. இழை இழையாக இலை விட்டது. முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் தோள் உயரத்தில் மஞ்சள் பூ பூத்து நின்றது. சோம்பு. சீரகச் செடி வாழ்நாளில் முழங்காலைத் தாண்டாது. 30 முதல் 50 சென்டிமீட்டர், பல சமயம் அதற்கும் குறைவு. பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், மஞ்சள் கிடையாது. இந்த இரண்டு அடையாளமும் அப்போது தெரிந்திருந்தால் இடுப்பு உயரத்திலேயே சந்தேகப்பட்டிருப்பேன். சோம்பை வெட்டவும் மனம் வரவில்லை. பட்டாம்பூச்சிகளுக்கு விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருஷம் பொட்டலங்களை நம்பாமல் சமையலறை டப்பாவைத் திறந்தேன். அதில் இருப்பது சீரகம்தான் என்பது நிச்சயம். முளைக்குமா என்பதுதான் கேள்வி. கடையில் வரும் மசாலா விதை சில சமயம் கிருமி நீக்க ஆவியில் வெந்து வந்திருக்கும், சில சமயம் வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்திருக்கும். புல் விதையைக் கரித்தூளில் புரட்டிச் சீரகத்தோடு கலக்கிற கைங்கரியமும் உலகத்தில் நடக்கிறது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் கை கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் ஒரே பரிசோதனைதான்: இருபது விதையை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி, இளஞ்சூடான இடத்தில் இரண்டு வாரம் வைப்பது. எனக்கு இருபதில் பதின்மூன்று முளைத்தது. பத்துக்குக் கீழே போனால் அந்த டப்பாவைச் சமையலுக்கே விட்டுவிடலாம்.

விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கனி. இரண்டு பாதிகள் முகத்தோடு முகம் ஒட்டினாற்போலச் சேர்ந்திருக்கும், ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை. உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் வரிகள் தெரியும். அந்த வரிகளுக்கு அடியில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன, எண்ணெய் அதில்தான் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தேறும் அந்த எண்ணெயில், சீரகத்துக்கு அதன் வாசனையைக் கொடுக்கிற முக்கியச் சரக்கு கியூமினால்டிஹைடு என்கிற சேர்மம். இந்தக் குடும்பத்து விதைகள் முளைக்க மெத்தனம் காட்டும். அதனால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, நடுவில் இரண்டு தடவை தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் விதை ஒன்றோடொன்று ஒட்டாத அளவுக்கு உலர்த்தி விதைப்பது நல்லது. ஊறிய தண்ணீர் இளம் பழுப்பாக, ஊரைக் கூட்டுகிற வாசனையோடு இருக்கும். அதைக் கொட்டும்போது, விதையின் சாரத்தையே கொட்டுகிறோமோ என்று ஒரு பதற்றம் எனக்கு இன்னமும் வருகிறது.

அந்த வருஷம் நான் செய்த தவறுகளை வரிசை போட்டால் பாடப்புத்தகம் ஆகிவிடும். நாற்றுத் தட்டில் விதைத்தேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பழகிய கை, வேறெப்படிச் செய்யும்? பத்தாம் நாள் தட்டில் மெல்லிய புல் முளைத்தது. களை என்று பாதியைப் பிடுங்கிப் போட்டேன். சீரகத்தின் முதல் இரண்டு இலைகள், அதாவது விதையிலைகள், நீளமாக ஒடுங்கி அசல் புல்லைப்போலத்தான் இருக்கும். அதற்கப்புறம் வருகிற இலையில்தான் இழைபோன்ற பிரிவுகள் தெரியும். பிடுங்கிய ஒன்றைத் தற்செயலாக நசுக்கியபோது விரலில் லேசாகச் சீரக வாசனை. அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று.

மிச்சமிருந்த பாதியைத் தொட்டிக்கு மாற்றி நட்டேன். ஒரு வாரத்தில் படுத்துவிட்டன. சீரகத்துக்கு ஆணிவேர். செடி விரலளவு இருக்கும்போதே வேர் நேர்க்கோட்டில் கீழே இறங்கியிருக்கும். அதைத் தொந்தரவு செய்தால் அதற்குப் பிடிக்காது, கேரட்டை யாரும் பிடுங்கி நடுவதில்லை அல்லவா? அப்படியும் பிழைத்த ஏழெட்டுச் செடிகளை வெயில் முடித்தது. குளிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் விதைத்திருந்தேன். வெப்பம் ஏற ஏற, வளர வேண்டிய வயதில் செடி அவசரமாகப் பூத்தது, சுண்டுவிரல் நீளத்தில் நின்றுகொண்டு. நாலு பூ, காய் இல்லை.

காலம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயம். சீரகம் விதைத்து அறுக்க 100 முதல் 120 நாள் ஆகும். அந்த நாட்களின் முதல் பாதி குளுமையாக, பின் பாதி மிதமான சூட்டோடு, முழுக்க முழுக்க வறண்ட காற்றோடு இருக்க வேண்டும். உலகத்தில் அதிகம் விளைவிக்கிற நாடு இந்தியா. அந்த விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும்தான். நவம்பரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். அந்த நிலத்தின் குளிர்காலம் காய்ந்த காலம். மழை பெய்தால் கவலைப்படுகிற குளிர்காலப் பயிர் அது. ஈரான், சிரியா, துருக்கி என்று மற்ற சீரக நாடுகளை எண்ணினாலும் வறண்ட காற்று பொதுவாக இருப்பது தெரியும். ஆக, வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விதைக்க வேண்டும். உறைபனி விழுகிற இடத்தில் இருப்பவர்கள் கடைசிப் பனி போன கையோடு விதைக்க வேண்டும், கோடை நீளமாக இல்லையென்றால் கதகதப்பான ஜன்னலோரத்தில், இடம் மாற்ற வேண்டியிராத தொட்டியில். முளைப்பதற்கு 20 முதல் 25 டிகிரி சுகம். நாட்காட்டியில் இரண்டு வாரம் பிசகினால் எருவாலும் அன்பாலும் அதை ஈடுகட்ட முடியாது.

மூன்றாம் வருஷத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நேராகத் தொட்டிகளில் விதைத்தேன், சரியான பருவத்தில். நன்றாக மக்கிய எரு, தேங்காய்நார்த்தூள், செம்மண் என்று பஞ்சுபோன்ற மண்கலவை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூவாளியால் தண்ணீர். செடிகள் பச்சைப்பசேலென்று எழுந்தன. ஒரு ஜாண் உயரத்தில் காற்றடித்தால் பச்சைப் புகை அசைவதுபோல இருக்கும். தினம் படம் எடுத்தேன். நாற்பதாவது நாள் வாக்கில் ஒரு செடி மட்டும் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தாகம் போலிருக்கிறது என்று கூடக் கொஞ்சம் ஊற்றினேன். மறுநாள் பக்கத்துச் செடி. அதற்கும் ஊற்றினேன். வெயில் அதிகமோ என்று நிழலுக்கு நகர்த்தி, மறுபடி ஊற்றினேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏண்டா, அதுக்கு மூச்சு முட்டுதோ என்னமோ. எதுக்கு இப்படித் தண்ணியா ஊத்துற?" என்றார். அம்மா சீரகம் வளர்த்தவர் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாடுறது தெரியலையாம்மா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வாளி கொண்டுவந்தேன்.

பத்து நாளில் தொட்டிகள் அத்தனையும் போயின. செத்த செடியைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய இடம் பழுப்பேறியிருந்தது. வாடல் நோய். ஃபியூசேரியம் என்கிற பூஞ்சை மண்ணிலிருந்து வேர்வழியாக ஏறித் தண்டின் நீர்க்குழாய்களில் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், செடிக்கு ஒரு சொட்டும் ஏறாது. வெளியே பார்க்கிற நமக்கு அது தாகத்தைப்போலவே தெரியும். நாம் ஊற்ற ஊற்ற மண்ணில் காற்று குறைந்து, வேர் பலமிழந்து, பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். ஒரு செடி நோயில் விழும்போது காட்டுகிற முகமும் தாகத்தில் காட்டுகிற முகமும் ஒன்றாக இருப்பது என்ன வஞ்சனை என்று பல நாள் புலம்பினேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அதுதான் அவருடைய தண்டனை முறை.

அந்தத் துக்கத்தில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தியோஃப்ராஸ்டஸ் கண்ணில் பட்டார். அரிஸ்டாட்டிலின் மாணவர், செடிகொடிகளைப் பற்றி இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே விரிவாக எழுதிவைத்தவர். சீரகத்தைப் பற்றி அவர் ஒரு நம்பிக்கையைப் பதிவு செய்கிறார்: விதைக்கும்போது அதைச் சபிக்க வேண்டுமாம், வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டுமாம். அப்போதுதான் விளைச்சல் அமோகமாக இருக்குமாம். அவரே 'சொல்கிறார்கள்' என்றுதான் எழுதுகிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். வயலோரத்தில் நின்று ஒரு செடியைத் திட்டுகிறவன் அதற்கு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டான். கோபம் இருக்கிற கையில் பூவாளி இருக்காது. கிரேக்கர்கள் எதற்காகத் திட்டினார்களோ தெரியாது, நான் கண்டெடுத்த காரணம் இதுதான். என் வசதிக்கு இது போதும்.

கணக்கும் அதைத்தான் சொன்னது. ராஜஸ்தான், குஜராத் வயல்களில் விதைத்ததிலிருந்து அறுக்கும்வரை சீரகத்துக்குக் கொடுக்கிற பாசனம் மொத்தம் நாலு முதல் ஆறு தடவை. விதைத்த உடனே மெல்லிய ஒரு தண்ணீர். மேல்மண் இறுகி முளையை அழுத்தாமலிருக்க எட்டுப் பத்து நாளில் இன்னொன்று. பிறகு மண்ணைப் பார்த்து இடைவெளி விட்டு. காய் முற்றத் தொடங்கியதும் நிறுத்தம். நான் நாற்பது நாளில் எண்பது தடவை ஊற்றியிருக்கிறேன். தொட்டி மண் வயலைவிடச் சீக்கிரம் காயும் என்பது உண்மை. அதற்காக எண்பதா?

நாலாம் வருஷம் முதலில் மண்ணை மாற்றினேன். வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், பழைய மண்ணில் மறுபடி சீரகம் போடுவது வலியப்போய் மாட்டிக்கொள்வது. அந்த மண்ணைச் சீரகத்தோடு உறவில்லாத வேறு செடிகளுக்குக் கொடுத்துவிட்டேன். புதிய கலவையில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல். எருவைக் கைப்பிடிக் கணக்கில்தான் சேர்த்தேன். தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழுக்கும், தண்டு இளைத்துச் சாயும், பூக்கத் தாமதமாகும். முந்தைய வருஷத்தின் அந்தப் பச்சைப் புகை அழகே ஒரு கெட்ட சகுனம்தான் என்று இப்போது தெரிகிறது. தொட்டிகளை ஒரு அடி ஆழமுள்ளவையாகத் தேர்ந்தெடுத்தேன், வேர் இறங்க. அடியில் இருந்த துளைகளைப் பெரிதாக்கினேன். மண்ணில் டிரைக்கோடெர்மா கலந்தேன். அது தீய பூஞ்சையோடு மல்லுக்கு நிற்கிற நல்ல பூஞ்சை.

ஊறவைத்து உலர்த்திய 120 விதைகள், எடை அரை கிராம் இருக்கும். கீறிய கோட்டில் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் போர்த்தவில்லை. ஆழமாகப் போட்டால் அந்த நூல் முளைக்கு மேலே வரத் தெம்பு இருக்காது. விதைக்கும்போது யாரும் இல்லையா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சனியனே, இந்தத் தடவையாவது உருப்படு" என்று சொன்னேன். அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. பாத்தியில் நின்று திட்டுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

ஒன்பதாம் நாள் முதல் முளை. இரண்டு வாரத்தில் எழுபதுக்குப் பக்கத்தில். இந்தத் தடவை புல்போல இருந்த எதையும் தொடவில்லை. மூன்றாவது இலை வந்த பிறகுதான் களையெடுத்தேன். நெருக்கமாக இருந்ததைக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கினேன். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளி. அதைவிட அகலம் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்தத் தண்டு நூல்போல மெலிந்தது, தனியாக நின்றால் பூவின் பாரத்தில் சாய்ந்துவிடும். ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கிற தூரம்தான் என் அனுபவத்தில் சரி. காற்றோட்டம் வேண்டுமே என்றால், தொட்டிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டேன்.

தண்ணீருக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டு, அங்கேயும் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது. ஊற்றினால் அடித்துளையில் வடிகிற வரை ஊற்றுவது, பிறகு மறந்துவிடுவது. இலையில் படாமல், காலையில் மட்டும். பூவாளியைக் கைக்கெட்டாத இடத்தில் மாட்டச் சொன்னேன். அம்மா அதைச் சந்தோஷமாகச் செய்தார். முதல் இரண்டு வாரம் பொழுதே போகவில்லை. செடி வளர்ப்பவனுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் பாதி வாழ்க்கை, அதைப் பிடுங்கிவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில். செடிகள் முந்தைய வருஷத்தைவிடக் குட்டையாக, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சையில், விறைப்பாக நின்றன.

ஐம்பத்தெட்டாம் நாள் முதல் பூங்கொத்து விரிந்தது. இந்தக் குடும்பத்துக்கே உரிய குடை வடிவம்தான், ஆனால் சோம்பின் குடைபோல ஆடம்பரம் கிடையாது. ஒரு குடையில் நாலைந்து குட்டிக் குடைகள், அதில் ஒவ்வொன்றிலும் நாலைந்து பூக்கள். குண்டூசித் தலையளவு வெள்ளை, மொட்டில் மட்டும் ரோஜாச் சாயல். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்ததே தெரியாது. தேனீக்கும் சிறு ஈக்களுக்கும் தெரிந்திருந்தது. காலை பத்து மணிக்கு மேல் தொட்டிப் பக்கம் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அந்த நாட்களில் எந்தத் தெளிப்பும் செய்யக் கூடாது என்பது சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அப்போதுதான் வரும். வந்தது. பூக்காம்பில் பச்சைப் பொடி அப்பினதுபோல. விரலால் வழித்தும், மோசமான நாலு தண்டுகளை வெட்டியும் சமாளித்தேன். ஒரு வாரத்தில் பொறிவண்டுகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

உண்மையான பயம் வானத்திலிருந்து வந்தது. எழுபதாவது நாள் வாக்கில் மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம். மழை இல்லை, காற்றும் இல்லை, வெறும் புழுக்கம். சீரகம் வைத்திருப்பவர்கள் மழையைவிட இதற்கு அதிகம் பயப்படுவார்கள். பூக்கிற நேரத்தில் காற்று ஈரமாகி வானம் மூடிக்கொண்டால் கருகல் நோய்க்கு வழி திறந்துவிடும். ஆல்டர்னேரியா பர்ன்சி என்கிற பூஞ்சை. இலை நுனியில் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கி, கறுத்து, இரண்டு மூன்று நாளில் செடியையே தீப்பட்டதுபோல ஆக்கிவிடும். வயலில் ஓர் ஓரத்தில் தொடங்கினால் மொத்தமும் போகும். என் தொட்டிகளில் ஒன்றின் விளிம்பில் அந்தப் பழுப்பைப் பார்த்தேன். யோசிக்காமல் அந்தத் தொட்டியில் இருந்த ஏழு செடிகளையும் அறுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். மற்றத் தொட்டிகளை இன்னும் தள்ளித் தள்ளி வைத்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நாலாம் நாள் வெயில் அடித்தது. தப்பித்தன. என் திறமை என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். மேகம் இன்னும் இரண்டு நாள் தங்கியிருந்தால் இந்தக் கட்டுரை ஐந்தாம் வருஷத்துக்குத் தள்ளிப்போயிருக்கும்.

பச்சைக் காயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. டப்பாவில் இருக்கிற சீரகத்தை மட்டும் அறிந்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. முற்றாத காயில் பூனைமுடிபோல நுண்ணிய ரோமம் இருக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் எழும் வாசனை நமக்குத் தெரிந்த சீரக வாசனைதான், ஆனால் கூடவே எலுமிச்சைத் தோலும் ஈரப் புல்லும் கலந்த ஏதோ ஒன்று இருக்கும். உலர்ந்த பிறகு அந்த இரண்டாவது வாசனை போய்விடுகிறது. விலை கொடுத்து வாங்க முடியாத பொருள் அது. அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு காயைக் கீறினேன். மகசூலில் பத்துப் பதினைந்து காய் அதில் போயிருக்கும்.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் அறுத்தேன். செடி மஞ்சளாகிக் காய்கள் பழுப்பேறியிருந்தன. எல்லாம் ஒரே நாளில் முற்றாது. நடுக்குடை முதலில், பக்கக் குடைகள் பிறகு. பிந்தியவை முற்றட்டும் என்று காத்திருந்தால் முந்தியவை உதிர்ந்துவிடும். முக்கால்வாசி பழுப்பானதும் அறுப்பதுதான் பேரம். விடிகாலையில், பனி ஈரம் செடியில் இருக்கும்போது அறுத்தால் உதிராது. கட்டாகக் கட்டித் தலைகீழாகத் துணிப்பைக்குள் தொங்கவிட்டு ஒரு வாரம் நிழலில் காயவைத்தேன்.

அடிப்பதற்கு எதை எடுப்பது என்று யோசித்தபோது விவிலியத்தில் ஏசாயாவின் 28-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சீரகத்தின்மேல் வண்டிச் சக்கரத்தை உருட்டிப் போரடிப்பதில்லை, அதைக் கோலால் அடிக்கிறார்கள் என்று அங்கே ஒரு வரி வருகிறது. வேதவசனம் என்பதைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அறுவடை செய்து பழகிய ஒருவர் சொல்கிற விஷயம் அது. சக்கரம் ஏறினால் எண்ணெய்க் குழாய் நசுங்கும், வாசனை களத்திலேயே போய்விடும். நான் சமையலறைக் கரண்டிக் காம்பால் பைமேல் மெதுவாகத் தட்டினேன். மழைத்தூறல் போல உள்ளே சத்தம். பிறகு ஒரு தட்டில் கொட்டி, வாயால் ஊதி ஊதித் தூசு பிரித்தேன். அதிகம் ஊதியதில் கொஞ்சம் விதையும் பறந்தது. அம்மா முறத்தை எடுத்துவந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். நாலு புடைப்பில் தூசு தனி, சீரகம் தனி.

38 கிராம். நாற்பத்தேழு செடிகளிலிருந்து. நன்றாக விளைகிற வயலிலேயே ஹெக்டேருக்குச் சில நூறு கிலோவிலிருந்து ஆயிரம் கிலோ வரைதான் கிடைக்கும். ஆயிரம் என்றே வைத்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிராம். என் தொட்டிகள் எல்லாம் சேர்ந்து அரை சதுர மீட்டர் இருந்தால் அதிகம். அப்படிப் பார்த்தால் தலைகுனிய வேண்டியதில்லை. அக்காவிடம் இன்னொரு கணக்கும் சொன்னேன்: அரை கிராம் விதைத்து 38 கிராம் எடுத்திருக்கிறேன், எந்த வங்கி தரும் இதை? "தண்ணி, மண்ணு, நாலு வருஷம் எல்லாம் யாரு கணக்குல?" என்றாள். அக்காக்களிடம் கணக்குப் பேசக் கூடாது.

கிரேக்கர்கள் கடைந்தெடுத்த கஞ்சனுக்குச் 'சீரகத்தைப் பிளப்பவன்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லை எடுத்தாள்கிறார். பிற்பாடு, எதையும் நுணுக்கி நுணுக்கி ஆராய்கிறவர் என்று ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸையும் அப்படிக் கிண்டல் செய்தார்கள். நாம் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று சொல்வோமே, அந்த ரகம். இவ்வளவு சின்ன விதையையும் பாதியாக்கிச் சேமிக்கிறவன் என்பது கேலி. கேலி செய்தவர்கள் சீரகத்தை உலர்த்திப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நன்றாகக் காய்ந்தால் அது தானே இரண்டாகப் பிளந்துகொள்ளும். என் டம்ளரில் பாதிக்குப் பாதி அப்படித்தான் கிடந்தது.

அடுத்த பருவத்துக்காகத் தடித்த, முழுசான விதைகளாகப் பொறுக்கி இரண்டு கிராம் தனியே எடுத்துக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதினேன். தனித்தனியாகப் பிளந்த பாதிகளும் முளைக்கும், ஆனாலும் மனசு முழுசைத்தான் கேட்டது. மீதி 36 கிராமைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தேன்.

நேற்று அம்மா சமையலறையிலிருந்து, "அந்த உன் சீரகத்துல ஒரு ஸ்பூன் கொண்டாடா" என்றார்.

"பெரிய ஸ்பூனாம்மா, சின்னதா?"

"எதுவா இருந்தா என்ன?"

சின்ன ஸ்பூனில் எடுத்தேன். தலைதட்டி, மேலே நின்ற நாலைந்தை விரலால் புட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டுக் கொண்டுபோனேன்.